கப்பல்காரர் வீட்டுச் சம்பந்தம்

எதிர்வீட்டுச் சுப்புலட்சுமி பெண் கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனதும் ரங்காத்தாள் முதலில் செய்த காரியம், அவள் உட்கார்ந்திருந்த பாயைத் தூக்கி உதறிப் பார்த்ததுதான். பாயில் ஒன்றும் இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. ஒருத்தி காலையில் வந்து, சர்க்கரை குறைந்த காப்பியைக் குறை சொல்லாமல் குடித்து, கூரையில் தொங்கிய ஒட்டடையைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்து, "உங்க அமராவதிய எங்க சென்னிமலைக்குக் கேக்கலாம்னு இருக்கறமுங்க, நீங்க என்ன சொல்றீங்க" என்று கேட்டுவிட்டுப் போகிறாள் என்றால், அதற்குப் பின்னால் ஒரு சங்கதி இல்லாமலா இருக்கும்?

ரங்காத்தாள் சந்தேகப்படாத பொருள் உலகத்தில் கிடையாது. சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் ஒன்றைக் கீறிப் பார்ப்பாள். பால்காரர் நேரத்துக்கு வந்துவிட்டால், இன்றைக்கு மட்டும் ஏன் நேரத்துக்கு வந்தார் என்று யோசிப்பாள். அவள் விசாரிக்காமல் ஏற்றுக்கொண்டது புருஷன் கந்தவேலை மட்டும்தான். அது அவள் அப்பா செய்த ஏற்பாடு. அதன் பலனைத் தினமும் அனுபவிக்கிறேன் என்று அவர் காதுபடவே சொல்வாள். கந்தவேல் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். நாள் முழுக்க அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருவதால் வீட்டில் பேசுவதில் பாதி அவர் காதில் விழுவதில்லை என்று தெரு நம்பியது. விழுகிற பாதியே போதும் என்று அவர் நினைத்திருக்கலாம்.

தைத்து முடிந்த பனியன்களைக் கம்பெனியிலிருந்து மூட்டையாகக் கொண்டுவந்து, நூல் பிசிறு வெட்டி மடித்துக் கொடுப்பது ரங்காத்தாளுக்கும் மகள் அமராவதிக்கும் வேலை. அப்படிப்பட்ட வீட்டில், சொந்தமாக மெஷின் போட்டு மாடியும் எடுத்துக் கட்டிய சுப்புலட்சுமி வந்து ஒற்றை மகனுக்குப் பெண் கேட்கிறாள். அந்த மகனோ சாமானியன் இல்லை. கடற்படையில் ஆபீசர். மலையின் பெயரை வைத்துக்கொண்டு கடலுக்குப் போனவன். போன மார்கழியில் நடந்த சண்டையில் அவன் பெயர் பேப்பரில் வந்தது. அவனுக்குப் பெண் கொடுக்கக் காரில் வந்து இறங்கிய முதலாளிகளை ரங்காத்தாளே சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். எந்தக் காருக்கு எத்தனை டம்ளர் காப்பி உள்ளே போனது என்றும் பார்த்திருக்கிறாள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு இங்கே வந்தால், ஒன்று, அவர்கள் விசாரித்துவிட்டு நழுவியிருக்க வேண்டும். அல்லது, விசாரிக்க மாட்டாள் என்று தன்னை நினைத்திருக்க வேண்டும். இரண்டாவதை நினைத்தபோதுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

பேப்பரில் வந்தது ஒரு சின்னப் பத்தி. குண்டடிபட்டுச் சாய்ந்த கப்பலிலிருந்து கடலில் குதித்து, எண்ணெய் மிதந்த தண்ணீரில் மறுபடி மறுபடி நீந்திப்போய் மாலுமிகளை மீட்ட இளம் அதிகாரி திருப்பூர்க்காரர் என்று போட்டிருந்தது. அவ்வளவுதான். மீதியைத் திருப்பூர் பார்த்துக்கொண்டது. நொய்யலையும் பிளீச்சிங் தொட்டியையும் தவிர வேறு பெருந்தண்ணீர் பார்க்காத ஊர் அது. முடிதிருத்தும் கடையில் அவன் ஒரு நீர்மூழ்கியைத் தனியாக மூழ்கடித்தான். டீக்கடைக்கு வருவதற்குள் அது இரண்டாகியிருந்தது. பிளீச்சிங் பட்டறையில் அவன் கராச்சி வரைக்கும் நீந்திப்போய் ஆழம் பார்த்துவிட்டுத் திரும்பினான். மாசி மாதம் அவன் லீவில் ரயிலிறங்கியபோது ஸ்டேஷனுக்கு மாலையோடு போனவர்கள், கூட்டத்தில் அவனைத் தேடிப்பிடிக்கச் சிரமப்பட்டார்கள். அவர்கள் மனதில் இருந்த ஆள் இன்னும் கொஞ்சம் உயரம்.

வந்தவன் வாய் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் ஊருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யார் கேட்டாலும், எல்லாரும் செஞ்சதுதானுங்க என்று ஒரே பதில். சினிமாக் கொட்டகையில் பாராட்டு விழா வைத்தார்கள். காய்ச்சல் என்று போகவில்லை. அன்று சாயங்காலம் ரங்காத்தாள் சன்னலிலிருந்து பார்த்தபோது காய்ச்சல்காரர் கொள்ளுப் பருப்புக்கு இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்தே அவளுக்கு அவன் மேல் ஒரு கண். அவன் அறைக்கதவைச் சாத்துவதில்லை. குளியலறைக் கதவையும் பாதி திறந்து, குறுக்கே ஒரு போர்வையைத் தொங்கவிட்டுத்தான் குளிக்கிறான். மில் சங்கு ஊதினால் எங்கிருந்தாலும் எழுந்து வாசலுக்கு வந்து நிற்கிறான். அது ஓய்ந்ததும், எதற்கு வந்தோம் என்று தெரியாதவன் போல உள்ளே போகிறான். வீரம் என்றால் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடப்பது என்றுதான் அவள் அதுவரை கேள்விப்பட்டிருந்தாள். இவன் ஊர்க்காரர்களைக் கண்டால் சந்து பார்த்து நுழைகிறான். செய்த காரியத்தைச் சொல்லாமல் இருக்கிற மனுஷனை அவள் தன் ஆயுளில் பார்த்ததில்லை. செய்யாத காரியத்தைப் பற்றி வாய் திறக்காதவர்களைப் பார்த்திருக்கிறாள்.

பெண் கேட்டுப் போன மறுநாள், இரவல் வாங்காத சல்லடையைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனாள். சுப்புலட்சுமி அது தன் சல்லடை இல்லை என்றாள். அப்படீங்களா, ஆரு ஊட்டுதோ போங்க என்று ரங்காத்தாள் உட்கார்ந்துவிட்டாள். காலம் கெட்ட நேரத்தில் ஒரு தூறல் விழுந்தது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. சுப்புலட்சுமி எழுவதற்குள் ரங்காத்தாள் எழுந்து ஓடினாள். உதவிக்குத்தான். வேட்டி, துண்டு, புடவை என்று தோளில் அள்ளிப் போட்டுக்கொண்டே வந்தவளுடைய கை ஒரு பனியனில் நின்றுவிட்டது.

வேறு ஊர்ப் பெண்பிள்ளைக்கு அது வெள்ளையாய் ஒரு பனியன், அவ்வளவுதான். ரங்காத்தாளுக்கு அப்படி இல்லை. முதலில் அதன் அளவு. நூறாம் சைஸ். சென்னிமலையின் மார்புக்கு எண்பத்தைந்தே தொளதொளக்கும். இதற்குள் அவனைப் போல இன்னொருத்தனையும் போடலாம். அடுத்தது அதன் கழுத்துப் பட்டை. அது வழக்கத்தைவிடக் கொஞ்சம் அகலம். சண்டை நடந்த சமயம் ராணுவ டெண்டருக்கு அவசரமாகத் தைத்தபோது கட்டிங் மாஸ்டர் செய்த பிசகு அது. அந்த அகலப் பட்டையில் பிசிறு வெட்டி வெட்டி அவளுக்குக் கட்டைவிரல் காய்த்துப் போயிருந்தது. அந்த லாட் முழுக்கத் தரைப்படைக்கு, வடக்கே எங்கேயோ கூடாரத்தில் இருக்கிறவர்களுக்கு என்று சொல்லித்தான் மூட்டை கட்டினார்கள். அந்தப் பனியன் கப்பல்காரன் கொடிக்கு எப்படி வந்தது? துணியை மடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவன் கப்பலிலேயே ஏறவில்லை. தரையில் ஏதோ ஸ்டோரில் துணிக்கட்டு எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். அளவு பார்த்து எடுக்கக்கூடத் தெரியாமல், கைக்கு வந்த ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருக்கிறான்.

இதை அவள் ஒருத்தியிடம்தான் சொன்னாள். குழாயடியில் பூவாத்தாளிடம். அதுவும் பெத்த பிள்ளை மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு. பூவாத்தாளுக்குப் பிள்ளைகள் அதிகம்; சத்தியத்துக்குப் பஞ்சமில்லை. விளக்கு வைப்பதற்குள் தெரு முழுக்கப் பனியனைப் பற்றியே பேச்சு. மறுநாள் கம்பெனியில் கந்தவேலிடமே ஒருத்தர் வந்து, கப்பல்காரர் மூட்டைத் தூக்கியாமே என்று கேட்டார். விழாவுக்கு மறுதேதி பார்த்திருந்தவர்கள், கொட்டகைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லித் தள்ளிப்போட்டார்கள். கொட்டகையில் வழக்கம்போல மூன்று காட்சியும் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அமராவதி கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலேயே பேசினாள். அவள் அதிகம் பேசுகிற பெண் இல்லை. அப்பனைக் கொண்டிருக்கிறது என்று அம்மாவுக்குக் குறை.

"ஏம்மா, சீலையப் பாத்து உன்ன ஒருத்தரு எடை போட்டா ஒத்துக்குவயா?"

"என்ற சீலை என்ற அளவுதான்டி இருக்குது," என்றாள் ரங்காத்தாள்.

கந்தவேல் சாப்பிட்டு முடித்துக் கைகழுவினார். பிறகு, அந்த லாட்டில் கழித்துக்கட்டிய மாலெல்லாம் செகண்ட்ஸ் என்று சந்தைக்குத்தான் போனது, யார் வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம் என்று பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். அப்படியென்றால் ஆபீசர் எதற்குச் சந்தையில் போய்ச் செகண்ட்ஸ் வாங்கினார் என்று ரங்காத்தாள் கேட்டாள். அது ஒரு புதுச் சந்தேகம், அவளுக்குப் பிடித்திருந்தது. கந்தவேல் துண்டில் வாயைத் துடைத்தார்.

"பொய்யாவே இருக்கட்டும் புள்ள. அப்பப் பையன் தரையிலதான இருந்திருக்கறான்? நாளைக்கும் தரையிலயே இருப்பான். நெசமா இருந்தாத்தான் நாம யோசிக்கோணும்."

இருபது வருஷத்தில் புருஷன் சொன்ன பேச்சு ஒன்று தன் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று ரங்காத்தாள் எதிர்பார்த்ததில்லை. அன்று பிசிறு வெட்டும்போது ஒரு பனியனின் தோளையே வெட்டிவிட்டாள்.

சுப்புலட்சுமி சண்டைக்கு வருவாள் என்று தெரு காத்திருந்தது. அவள் வந்தாள், ஆனால் சண்டைக்கு இல்லை. முகம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்தது. ஊர் வாயை மூட நம்மால் ஆகாது, வெள்ளிக்கிழமை மேட்டுக்கோயில் முருகனிடம் பூக் கேட்டுவிடலாம், வெள்ளை வந்தால் உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ளலாம், சிவப்பு வந்தால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம், நீங்கள் எதிரிலும் நான் எதிரிலும் குடியிருக்க வேண்டியவர்கள் என்றாள். ரங்காத்தாளுக்கு அது சரியென்று பட்டது. ஊரில் எத்தனையோ சம்பந்தங்களை மனுஷர் மனம் நோகாமல் தட்டிவிட்டது அந்தப் பூதான். பெண் வீட்டார் இரண்டு பொட்டலம் கட்டிக் கொண்டுபோக வேண்டும். ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் செவ்வரளி. இரண்டும் ஒரே இலை, ஒரே நார், ஒரே கனம். சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அது ஆண்டவன் வாக்கு. அதற்கு மேல் யாரும் யாரையும் கேள்வி கேட்கக்கூடாது.

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டிவிட்டால் சாமிக்கும் சிரமமில்லை என்று அவளுக்குத் தோன்றியது, சுப்புலட்சுமி வாசல் தாண்டுவதற்கு முன்பே.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சென்னிமலையே வந்து வாசலில் நின்றான். கையில் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டணம். அத்தை இருக்கீங்களா என்றான். இதுநாள் வரைக்கும் அவளை அக்கா என்று கூப்பிட்டவன். ரங்காத்தாளுக்கு அவனைத் தம்பி என்பதா, மாப்பிள்ளை என்பதா என்று தெரியவில்லை. ஏனுங்க, வாங்க என்று இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டாள். உள் அறையில் அமராவதியின் கத்தரிக்கோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்காலியில் துணி குவிந்திருந்ததால், கட்டி வைத்திருந்த பனியன் மூட்டையின் மேலேயே அவன் உட்கார்ந்தான். கதவுக்கு நேராக, வெளிச்சம் தெரிகிற பக்கமாக நகர்ந்து உட்கார்ந்ததை அவள் கவனித்தாள். காகிதத்தைப் பிரித்தான். அந்தப் பனியன்.

"இது உங்க கைல பட்ட துணின்னு கேள்விப்பட்டனுங்க."

ரங்காத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "ஆரு சொன்னாங்க?"

"தெருவே சொல்லுதுங்களே." அவன் குரலில் கோபம் இருக்கிறதா என்று அவள் தேடிப் பார்த்தாள். அகப்படவில்லை. "இந்த லாட் எங்க போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமாம். நான் ரெண்டு மாசமா விசாரிச்சுட்டு இருக்கறனுங்க. எங்க ஊருலயே, எதுத்த ஊட்டுலயே தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு நெனைக்குல."

அவன் சொன்னதெல்லாம் கொஞ்சம்தான். தண்ணீரிலிருந்து அவர்களை வேறொரு கப்பலில் தூக்கிப் போட்டார்கள். உடம்பெல்லாம் எண்ணெய். சட்டையைக் கத்தரியால் வெட்டித்தான் எடுத்தார்கள். பல் கிட்டிப்போய்க் கிடந்தபோது யாரோ ஒரு ஆள் தான் போட்டிருந்த பனியனைக் கழற்றி இவனுக்குப் போட்டுவிட்டான். பெரிய உடம்புக்காரன். அவன் மேல் சூடு அந்தத் துணியில் இருந்தது. முகம் ஞாபகமில்லை. பிறகு அந்தக் கப்பலில் கேட்டுப் பார்த்தான். நான்தான் என்று யாரும் சொல்லவில்லை. இது எந்த ஸ்டோருக்குப் போன துணி என்று தெரிந்தால் ஒருவேளை ஆளைப் பிடித்துவிடலாம்.

"புடிச்சு?" என்றாள்.

"திருப்பிக் குடுக்கோணுமுங்க."

ரங்காத்தாள் அவனையே பார்த்தாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் பொய் சொல்கிறவர்களின் முகத்தை எத்தனையோ விதத்தில் பார்த்திருக்கிறாள். பொய் சொல்கிறவன், நம்பிவிட்டார்களா என்று ஒரு தடவையாவது கண்ணை உயர்த்திப் பார்ப்பான். இவன் பனியனின் கழுத்துப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தரைப்படைக்கு என்று சொல்லித்தான் மூட்டை கட்டினார்கள், வடக்கே போகிறது என்றார்கள், மூட்டை வாசல் தாண்டினால் எங்கே போகிறது என்று நம்மிடம் யார் சொல்கிறார்கள் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். மூட்டை வாசல் தாண்டினால் எதுவும் தெரியாது என்பதை இரண்டு நாள் முன்னால் குழாயடியில் ஏன் நினைக்கவில்லை என்று மனசு கேட்டது.

அவன் தலையசைத்துவிட்டுப் பனியனை மடிக்கத் தொடங்கினான். கையைக் குறுக்கே மடித்து, கீழே பிதுங்க, கண்றாவியாய் மடித்தான். பொறுக்க முடியாமல் அவள் அதை வாங்கி, தோளும் பக்கமும் நேராகத் தட்டி, கம்பெனி மடிப்பாய் மடித்தாள். மடிக்கும்போது கேட்டுவிட்டாள். தெரு முழுக்கக் கேட்க நினைத்த கேள்வி.

"பேப்பர்ல போட்டதெல்லாம் நெசங்களா?"

"கை தட்டுப்பட்டாப் புடிச்சு இழுத்து மெதவையில போட்டமுங்க. இருட்டு. எண்ணெயில கண்ணத் தொறக்க முடியாது. ஆரு, எவருன்னெல்லாம் தெரியாதுங்க."

"மெதவைய உட்டுப்போட்டு மறுக்கா மறுக்காப் போனீங்களாமா?"

"சத்தம் கேட்டுட்டே இருந்துதுங்களே."

"பயமா இல்லீங்களா?"

"குளிருச்சுங்க," என்றான்.

கத்தரிக்கோல் சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது அப்போதுதான் ரங்காத்தாளுக்கு உறைத்தது. பேச்சை மாற்றுவதற்காக, மனதுக்குள் முதல் நாளிலிருந்து அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டாள். காரில் வந்தவர்களையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் வீட்டில் எதற்குக் கேட்டீர்கள்? அவனுக்கு முதன்முறையாக முகம் கொஞ்சம் இளகியது. அம்மாவுக்கு உதவியாய் ஒரு நாள் குழாய்க்குக் குடம் எடுத்துக்கொண்டு போனானாம். தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டானாம். குடம் நிரம்பி வழிந்து காலெல்லாம் நனைந்தும் தெரியவில்லை. பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தர், கப்பல்காரருக்கு இது எந்த மூலைக்கு என்றார். "உங்க பொண்ணு வந்து கொழாய மூடிட்டு, நெறஞ்சிருச்சுங்கன்னு சொல்லிக் கொடத்த எடுத்து வெச்சாங்க. அவ்வளவுதானுங்க. ஊருக்கு வந்ததுல இருந்து என்னை ஒண்ணும் கேக்காத ஆளு அவங்க ஒருத்தருதான்."

ரங்காத்தாளுக்குப் பட்டது வேறு. தன் கண்ணுக்குத் தப்பி இந்தத் தெருவில் ஒன்று நடந்திருக்கிறது. அதுவும் தன் வீட்டுப் பெண்ணிடம். லீவு எதுவரைக்கும் என்று கேட்டாள். பங்குனியோடு முடிகிறது, வேறு கப்பலில் போட்டிருக்கிறார்கள் என்றான். மறுபடியும் கடலுக்கா என்றாள். கடற்படைங்களே என்றான் அவன், மன்னிப்புக் கேட்பது போல. எழுந்து, மடித்த பனியனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனான்.

அவன் தெருவைக் கடக்கும் வரை காத்திருந்து அவள் உள்ளே போனாள்.

"கொழாயடியில உனக்கு ஆம்பளைகளோட என்னடி பேச்சு?"

"நெறஞ்சிருச்சுன்னு சொன்னேன். நெறஞ்சத நெறஞ்சிருச்சுன்னுதான சொல்லோணும்?" அமராவதி பனியனை எடுத்தாள், கத்தரிக்கோலை எடுத்தாள், பிசிறே இல்லாத இடத்தில் வெட்டினாள். "ஊருல எல்லாருத்தையும் சந்தேகப்பட்டாச்சு. நான் ஒருத்திதான் பாக்கின்னு நெனச்சேன்."

அன்று சாயங்காலம் கோயில் பின்பக்கம் போய்ப் பூப் பறித்து வந்தாள் ரங்காத்தாள். வெள்ளையும் பறித்தாள், சிவப்பும் பறித்தாள். முறத்தில் கொட்டி வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவன் பொய்யன் என்று இன்னும் ஒரு சின்னத் தடயம் கிடைத்தால் போதும் போல இருந்தது. அகல வாக்கில், நீள வாக்கில் எப்படித் திருப்பிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. சந்தையில் வாங்கிய செகண்ட்ஸாக இருக்கட்டுமே என்று முருகனை வேண்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாள். அவன் உண்மையிலேயே அந்த எண்ணெய்த் தண்ணீரில் திரும்பத் திரும்பப் போனவன். சத்தம் கேட்டால் மறுபடியும் போவான். அப்போது அவன் கையால் தாலி கட்டிக்கொண்டவள் ஒருத்தி இந்தத் தெருவில் உட்கார்ந்து ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருப்பாள் என்பதெல்லாம் அவனுக்கு ஞாபகம் வராது. இப்படிப்பட்டவனை ஊர் மாலை போட்டுக் கொண்டாடலாம். ஊர் அவனுக்குப் பெண் கொடுக்க வேண்டியதில்லை.

அவள் வெள்ளைப் பூவையெல்லாம் முறத்திலேயே தள்ளிவிட்டு, இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியை வைத்துக் கட்டினாள். முன்னால் நினைத்ததும் இதைத்தான். காரணம் மட்டும்தான் மாறியிருந்தது. இரண்டையும் ஈரத்துணியில் சுற்றி சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை மேட்டுக்கோயிலில் கூட்டம் இருந்தது. பூக் கேட்பது இரண்டு வீட்டாருக்குள் நடக்கிற காரியம் என்பதால் தெருவில் பாதிப்பேர் தற்செயலாகச் சாமி கும்பிட வந்திருந்தார்கள். பூவாத்தாள் தூணுக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணை மூடியிருந்தாள், காது திறந்திருந்தது. சுப்புலட்சுமி சன்னதிக்கு நேராக நின்றாள். சென்னிமலை வெளியே மண்டபத்தில், காற்றாட நின்றிருந்தான். கந்தவேல் மகளோடு நின்றார். பூசாரி பொட்டலங்களை வாங்கி முருகனின் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டி, கூட்டத்திலிருந்து ஒரு பெண் குழந்தையைக் கூப்பிட்டார். அது இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தனக்குக் கிட்டத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. ரங்காத்தாள் முகத்தில் வருத்தத்தை வரவழைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். சுப்புலட்சுமியிடம் சொல்ல வேண்டிய வார்த்தையும் தயாராக இருந்தது. ஆண்டவன் வாக்கு, நம்ம கையில என்ன இருக்குதுங்க.

பூசாரி நாரை அவிழ்த்தார். இலை விரிந்தது. வெள்ளை அரளி.

குலவை போட்டது யார் என்று தெரியவில்லை. சுப்புலட்சுமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பூவாத்தாள், எனக்கு அப்பவே தெரியும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கந்தவேல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பூசாரிக்குக் கும்பிடு போட்டார். ரங்காத்தாள் மட்டும் அந்த வெள்ளைப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். செவ்வரளி வெளுத்துப்போக இது பிளீச்சிங் தொட்டி இல்லை. தன் கையால் வைத்ததைச் சொல்லி இங்கே யாரையும் கேட்க முடியாது. கேட்டால் முதலில் தன்னைத்தான் கேட்பார்கள். மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தாள். அமராவதி சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். விரல்கள் நிதானமாகச் சேர்ந்திருந்தன.

ராத்திரி சாமி படத்துக்குக் கீழே பொட்டலத்தைப் பிரித்து மாற்றினவள் ஒன்றில் வெள்ளையும் ஒன்றில் சிவப்பும் வைத்து, வாக்கை உண்மையிலேயே சாமியிடம் விட்டிருக்கலாம். இரண்டிலும் வெள்ளையே வைத்திருக்கலாம். பூசாரி எடுக்காத பொட்டலத்தைப் பூக்கூடையில் போடக் கையில் எடுத்தார். "இங்க குடுங்க சாமி," என்று ரங்காத்தாள் கை நீட்டினாள். குரல் தனக்கே அந்நியமாய் இருந்தது. பொட்டலம் உள்ளங்கையில் குளிர்ச்சியாக வந்து உட்கார்ந்தது. கனத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. சுற்றி எல்லாரும் திருநீற்றுக்கு முண்டிக்கொண்டிருந்தார்கள். வெளி மண்டபத்தில் சென்னிமலையைச் சூழ்ந்துகொண்டு யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் வாசல் பக்கம் வழி பார்த்துக்கொண்டிருந்தான். அமராவதி கும்பிட்ட கையைப் பிரித்துவிட்டுத் திரும்பினாள். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையைப் பார்த்தாள். ரங்காத்தாளின் கட்டைவிரல் நகம் முடிச்சின் மேல் இருந்தது. இலையின் மடிப்பிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கி, அவள் மணிக்கட்டில் மெதுவாக ஓடியது.